விரட்டினால் சுத்தம் வராது!

“ரோட்டுக் கடையில ஏதாவது சாப்பிட்டீங்களா?”

வயிற்றுப்போக்கு, வாந்தி என்று யார் வந்தாலும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அலோபதி டாக்டர், சித்த மருத்துவர் என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. கேள்வியில் தப்பும் கிடையாது. ஆனால், இதைக் கேட்டுக் கேட்டே நம் மனசில் ஒரு கணக்கு பதிந்துவிட்டது. ரோட்டோரக் கடை என்றால் வியாதி. அதை அப்புறப்படுத்திவிட்டால் ஆரோக்கியம்!

அதனால்தான் முனிசிபாலிட்டி லாரி வந்து தள்ளுவண்டிகளை ஏற்றிக்கொண்டு போகும்போது, பால்கனியில் நின்று பார்க்கிற நாம், ‘அப்பாடா, இனிமேலாவது தெரு சுத்தமா இருக்கும்’ என்று நிம்மதியடைகிறோம். நாலு நாள் கழித்து அதே வியாபாரி இரண்டு தெரு தள்ளி, சாக்கடை ஓரத்தில், அரை இருட்டில் கடை போடுகிறார். அங்கே தேடிப் போய் அதே பஜ்ஜியை வாங்கித் தின்பதும் நாம்தான்!

செங்கல்பட்டு வட்டாரத்தில் முப்பது வருஷத்துக்குப் பக்கமாக வைத்தியம் பார்க்கிறவன் என்ற முறையில் என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். தெருவோர வியாபாரத்தை உள்ளாட்சி கண்டிப்பாக ஒழுங்குபடுத்த வேண்டும். ஆனால், விரட்டுவது வேறு, ஒழுங்குபடுத்துவது வேறு. சொல்லப்போனால், ஒரே இடத்தில் நிம்மதியாக வியாபாரம் செய்கிறவரைவிட, ஓடிக்கொண்டே இருக்கிறவர் விற்கும் பண்டம்தான் நம் வயிற்றுக்கு அதிக ஆபத்து.

“என்ன டாக்டர், நீங்களே ரோட்டுக் கடைக்கு வக்காலத்து வாங்கறீங்களே?” என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் வாசலுக்கு வருகிறவர்கள்

முதலில், யார் இவர்கள்? விடிந்ததும் ‘கீரேய்...’ என்று குரல் கொடுக்கிற கீரைக்காரம்மா. மீன்கூடையோடு கடற்கரைக் குப்பங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண்கள். பூக்காரம்மா, கோலமாவுக்காரர், சைக்கிளில் சுக்குமல்லி காபி விற்கிறவர். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு வெளியே இட்லி விற்கிறவர். கோடை வந்தால் ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாகத் தர்பூசணியைக் குவித்து வைத்திருக்கிறவர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இளநீர், நுங்கு வெட்டித் தருகிறவர்கள். மாமல்லபுரம் கடற்கரையில் சுண்டல், மாங்காய், பொரித்த மீன், சங்கு, பாசிமணி, உள்ளங்கையளவு கல் சிற்பங்கள் விற்கிறவர்கள்.

இத்தனை பேரையும் எடுத்துவிட்டால் நம் வீட்டு ஆரோக்கியம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் கீரை சாப்பிடுங்கள் என்று நான் எழுதித் தருகிறேன். அந்தக் கீரை எங்கிருந்து வருகிறது? ஏ.சி. போட்ட கடையில் பாலிதீன் பையில் வாடிக் கிடக்கிற கீரையா, விடியற்காலையில் பறித்து ஈரத்துணி போட்டு மூடிக் கொண்டுவருகிற கீரையா? நடுத்தரக் குடும்பத்துக்கு மலிவாகவும் புதுசாகவும் காய், பழம், மீன் கிடைப்பதே இவர்களால்தான். இவர்கள் தெருவுக்கு வந்த விருந்தாளிகள் இல்லை சார், நம் சமையலறையின் ஒரு பகுதி!

ஓடுகிற கடையில் என்ன நடக்கிறது?

ஒரு பஜ்ஜிக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். நிரந்தரமான இடம், பக்கத்தில் ஒரு குழாய், கழிவு நீர் போக ஒரு வழி. இது மூன்றும் இருந்தால் அவர் தட்டைக் கழுவ இரண்டு வாளி வைப்பார். தண்ணீர் கலங்கினால் கொட்டிவிட்டு வேறு பிடிப்பார். குப்பைக்கு ஒரு கூடை வைப்பார். மாவுக்கு மூடி இருக்கும்.

அதே மனிதருக்கு ‘எந்த நிமிஷம் லாரி வருமோ’ என்ற பயம் இருந்தால்? எடுத்துக்கொண்டு ஓட வசதியாக, குறைந்த சாமானோடுதான் நிற்பார். ஒரே ஒரு குடம் தண்ணீர். குடிக்க, மாவு கரைக்க, கை கழுவ, தட்டு அலம்ப எல்லாம் அதிலேதான். மூடி, இரண்டாவது வாளி, குப்பைக்கூடை எல்லாம் அவருக்கு அதிகப்படிச் சுமை. குப்பை நேராகக் கால்வாய்க்குள் போகும். அதில் ஈ வரும். அந்த ஈ அடுத்தபடியாக எங்கே உட்காரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது காசு. அடுப்பு, பாத்திரம், சரக்கு ஒருதரம் பறிபோனால் அவர் போய் நிற்பது தண்டல்காரரிடம். வட்டி கட்டியாக வேண்டும் என்றால் எதில் மிச்சம் பிடிப்பார்? எண்ணெயில்தான்! நேற்றுப் பொரித்த எண்ணெய் இன்றைக்கும், இன்றைக்குப் பொரித்தது நாளைக்கும் வரும். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கெட்டுப்போன கூட்டுப்பொருள்கள் சேர்ந்துகொண்டே போகும். இந்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை உபயோகிக்கவே கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து விதி வைத்திருக்கிறது. விதி நல்ல விதிதான். ஆனால், அதைச் சோதிக்க வருகிற அதிகாரி அந்தக் கடையைக் கண்டுபிடிக்க வேண்டாமா? இன்று இங்கே, நாளை எங்கேயோ என்றால் யாரைச் சோதிப்பது? யாருக்குப் பயிற்சி கொடுப்பது? உங்களுக்கே வயிறு கெட்டுப்போய் மறுநாள் கேட்கப் போனாலும் ஆள் இருக்க மாட்டார். இடம் இருக்கிற வியாபாரிக்குத்தான் பெயர் கெட்டுவிடுமே என்ற கவலை இருக்கும்.

வேகவைத்ததும் பச்சையாக இருப்பதும்

இன்னொரு விஷயம். நம்மில் பலர் எது ஆபத்து என்பதையே தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறோம்.

காலையில் வாக்கிங் முடித்துவிட்டு, பூங்கா வாசலில் அருகம்புல் ஜூஸ், வாழைத்தண்டு ஜூஸ் குடிக்கிறோம். ‘ஹெல்த்துக்கு நல்லது’ என்று ஒரு மனதிருப்தி. அதே ஆள் சாயங்காலம் பீச்சில் சுண்டல்காரரைப் பார்த்தால் முகம் சுளிக்கிறார். உண்மையில், சுண்டல் நன்றாக வெந்தது. கொதிக்கிற நீரில் வெந்து சூடாக இருக்கிற பண்டத்தில் கிருமி பிழைப்பது கஷ்டம். அருகம்புல் ஜூஸோ பச்சை. புல்லை எங்கே பறித்தார்கள்? எந்தத் தண்ணீரில் அலசினார்கள்? எந்தத் தண்ணீர் விட்டு அரைத்தார்கள்? அருகம்புல்லின் குணத்தைப் பற்றி எங்கள் நூல்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால், சாக்கடைக் கரையில் பறித்த அருகம்புல்லுக்கு அந்தக் குணம் பொருந்தாது!

தர்பூசணியும் அப்படித்தான். முழுப் பழத்துக்குள் கிருமி சுலபத்தில் போகாது. கத்தி, வெட்டுகிற பலகை, வெட்டி வைத்த துண்டின் மேல் தெளிக்கிற தண்ணீர், அதைச் சுற்றி வைக்கிற ஐஸ் இவைதான் பிரச்னை. மீனைப் பதப்படுத்துகிற ஐஸ் வேறு, நாம் சாப்பிடுகிற ஐஸ் வேறு என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆக, இது பெரும்பாலும் தண்ணீர் பிரச்னை. நல்ல தண்ணீருக்கு வழி செய்ய வேண்டியது யார்? உள்ளாட்சி. அந்தக் குழாயைப் போடாமல், குழாய் இல்லாத குற்றத்துக்காக வியாபாரியை விரட்டுவது என்ன நியாயம்?

பஞ்சு மிட்டாய் சொன்ன பாடம்

2024 பிப்ரவரியில் தமிழக அரசு நிறமூட்டிய பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது ஞாபகம் இருக்கிறதா? புதுச்சேரியில் அதற்குச் சில நாள் முன்பே தடை வந்துவிட்டது. ரோடமின்-பி என்ற துணிச்சாயத்தைக் கலந்திருந்தார்கள். உணவில் துளிகூடச் சேர்க்கக் கூடாத சாயம் அது. தடை சரியான முடிவு. நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

ஆனால், குச்சியில் பஞ்சு மிட்டாயைச் செருகிக்கொண்டு வெயிலில் நடக்கிறவர் அந்தச் சாயத்தைத் தானே தயாரிக்கவில்லையே? யாரோ மொத்தமாக விற்றார்கள். அவர் ‘கலர் பவுடர்’ என்று கேட்டு வாங்கினார். மொத்த வியாபாரி கடைக்குள் பத்திரமாக இருக்கிறார். மாட்டிக்கொள்வது கடற்கரையில் நடக்கிறவர். சுகாதாரக் கட்டுப்பாடு கீழே இருக்கிறவரை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே போகாமல் நின்றுவிட்டால், சாயம் வேறு ஒரு பண்டத்தில் ஏறிக்கொண்டு நம் வீட்டுக்கே வரும்.

சட்டத்தில் என்ன இருக்கிறது தெரியுமா?

‘ரோட்டில் கடை போடுவதே சட்டவிரோதம்’ என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது உண்மையில்லை. நடைபாதையில் வியாபாரம் செய்வதும் அரசியல் சட்டம் தருகிற தொழில் உரிமையில் அடங்கும், ஆனால் நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று சுப்ரீம் கோர்ட் 1989-லேயே சோதன் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. நினைத்த இடத்தையெல்லாம் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னது.

அப்புறம் 2014-இல் நாடாளுமன்றம் தெரு வியாபாரிகளுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. வாழ்வாதாரப் பாதுகாப்பு, ஒழுங்குபடுத்துதல் இரண்டும் அதன் பெயரிலேயே இருக்கின்றன. அந்த வருஷம் மே 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. தமிழக அரசு 2015-இல் இதற்கான விதிகளை வெளியிட்டது. தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கிறவர்கூட இந்தச் சட்டத்தில் அடக்கம்.

இந்தச் சட்டம் சொல்வதைக் கேளுங்கள். முதலில் ஊரில் இருக்கிற எல்லா வியாபாரிகளையும் கணக்கெடுக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது மறுபடி எடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது. வியாபாரத்துக்கு உரிய இடம், கூடாத இடம் என்று பிரிக்க வேண்டும். மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் தர வழி பார்க்க வேண்டும். இடம் மாற்ற வேண்டியிருந்தால் 30 நாள் நோட்டீஸ். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் போட்டுத் தர வேண்டும். கெட்டுப்போகிற சரக்கைக் கேட்ட அன்றே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்.

வியாபாரிக்கும் கடமைகள் உண்டு. சுத்தம் பேண வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும். செய்து தரப்படும் பொது வசதிகளைக் கெடுக்காமல் வைத்திருக்க வேண்டும், அவற்றின் பராமரிப்புக்கும் பணம் கட்ட வேண்டும். கவனித்தீர்களா? வசதி செய்து தரப்பட்டிருக்கும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது!

இதையெல்லாம் கவனிக்க ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். அதில் 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். போக்குவரத்துப் போலீஸ் உண்டு. உள்ளாட்சியின் மருத்துவ அதிகாரி உண்டு. குடியிருப்போர் நலச் சங்கமும் உண்டு. அதாவது, நீங்களும் அந்த மேஜையில் உட்காரலாம்! உங்கள் ஊரில் இந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது? மருத்துவ அதிகாரி அதில் என்ன பேசினார்? ஒரு தபால் கார்டு போட்டுக் கேட்டுப் பாருங்களேன்.

சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. இது நகரங்களுக்கும் பேரூர்களுக்கும்தான். கிராம ஊராட்சிகளுக்கு இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊருக்கு ஊர் நடுவே பனை ஓலைப் பந்தலில் நுங்கு விற்கிறவரில் பலர் ஊராட்சி எல்லையில் இருக்கிறார்கள். நெரிசல் எல்லாம் இப்போது அந்தச் சாலையில்தான். அவர்களையும் கணக்கில் சேர்க்க மாநில அரசு வழி செய்ய வேண்டும்.

மாமல்லபுரத்துக்கு ஒரு நியாயம் வேண்டும்

மாமல்லபுரத்துச் சிற்பங்கள் 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. உலகமே பார்க்க வருகிற இடம். சின்னத்தை மறைத்துக்கொண்டும் வழியை அடைத்துக்கொண்டும் கடை போடக் கூடாது என்பதில் இரண்டாவது பேச்சே இல்லை.

2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இங்கே சந்தித்தபோது ஊரே பளபளவென்று ஆனது. சாலையோரக் கடைகள் அகற்றப்பட்டன. படங்களைப் பார்த்துவிட்டு அடுத்தடுத்த வாரங்களில் ஜனங்கள் திரண்டு வந்தார்கள். வந்தவர்களுக்குப் பசிக்காதா? தாகம் எடுக்காதா? குழந்தை சோழி மாலை கேட்டு அழாதா? வாங்குகிறவர் இருக்கிறவரை விற்கிறவர் வரத்தான் செய்வார். இரண்டு நாள் விழாவுக்காகத் துடைக்கிற சுத்தத்தையும், வருஷம் முழுக்க இருக்க வேண்டிய சுத்தத்தையும் நாம் ஒன்றாக்கிப் பேசக் கூடாது.

இந்த ஊரில் பாசிமணி விற்கிற நரிக்குறவர்களும், பக்கத்தில் வாழும் இருளர்களும் எத்தனை தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கிறார்கள்! 2021 தீபாவளியன்று முதலமைச்சர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே போய் அவர்களுக்குப் பட்டாவும் சான்றிதழ்களும் கொடுத்தார். 2022 டிசம்பரில் நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. நல்ல காரியங்கள். வீட்டுக்குப் பட்டா வந்துவிட்டது. உட்கார்ந்து விற்கிற நாலடி இடத்துக்கும் ஒரு சீட்டு வேண்டாமா?

நேரம் பிரித்துக் கொடுப்பதும் ஒரு வழி. அது புதுசு ஒன்றும் இல்லை. மதுரையில் பகல் கடைத்தெருவை நாளங்காடி என்றும் இரவுக் கடைத்தெருவை அல்லங்காடி என்றும் சொன்னதை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. காலையில் காய்கறி, மாலையில் சிற்றுண்டி என்று ஒரே இடத்தை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ளலாமே.

‘இதெல்லாம் பேச நன்றாக இருக்கும், நடக்குமா?’ என்கிறீர்களா? சிங்கப்பூரைப் பாருங்கள். இன்றைக்கு சுத்தத்துக்கு உதாரணம் சொல்கிற அந்த ஊரிலும் 1960-களில் தெருவெல்லாம் கூடைக் கடைகள்தான். அவர்களைப் பதிவு செய்தார்கள். குழாய், கழிவுநீர் வசதி, மேற்கூரை போட்ட நிலையங்களைக் கட்டி, 1980-களின் மத்திக்குள் படிப்படியாக அங்கே குடியேற்றினார்கள். அந்த உணவுக்கடைக் கலாசாரத்துக்கு 2020-இல் யுனெஸ்கோ அங்கீகாரமே கிடைத்துவிட்டது! தேக்கா மார்க்கெட்டில் நம் தமிழர்கள் சாப்பிடுகிற தோசையும் அந்த ஏற்பாட்டில் வந்ததுதான்.

அடக்கக் கூடாத பதினான்கு

இதுவரை வாங்கிச் சாப்பிடுகிறவரின் ஆரோக்கியத்தைப் பேசினோம். விற்கிறவருக்கும் ஓர் உடம்பு இருக்கிறதே!

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. பசி, தாகம், தூக்கம், இருமல், தும்மல், மலம், சிறுநீர் என்று உடம்பு தானாக உந்துகிற பதினான்கு காரியங்கள். இவற்றை வலுக்கட்டாயமாக அடக்கினால் வியாதி வரும். சிறுநீரை அடக்கினால் நீரடைப்பு, எரிச்சல், அடிவயிற்று வலி. முதலாண்டு மாணவனுக்குக்கூட இது தெரியும்.

மீன் விற்கிற, பூ விற்கிற பெண்கள் என்னிடம் நீர்க்கடுப்பு என்று வருவது சர்வ சாதாரணம். “தண்ணி நெறைய குடிம்மா” என்றால், “குடிச்சா எங்க போறது டாக்டரய்யா? பக்கத்துல பாத்ரூம் இல்லியே. அதான் காத்தாலேர்ந்து குடிக்கறதே இல்ல” என்பார்கள். தாகத்தையும் அடக்கி, சிறுநீரையும் அடக்கி, வெயிலில் எட்டு மணி நேரம்! நான் நெருஞ்சில், சிறுபீளை சேர்த்துக் குடிநீர் போட்டுக் கொடுக்கிறேன். ஒரு வாரத்தில் குணமாகிறது. அடுத்த மாசம் அதே தொந்தரவோடு வருகிறார்கள். கழிப்பறை இல்லாத குறைக்கு நெருஞ்சிலில் மருந்து இல்லை. அது முனிசிபாலிட்டி பட்ஜெட்டில்தான் இருக்கிறது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. தெருவில் நாள் முழுக்க நிற்கிறவர்கள்தான் அந்த வெயிலை முதலில் தாங்குகிறார்கள். விற்பனை இடம் ஒதுக்கும்போது ஒரு கூரை, நாலு மரம் என்று யோசித்தால் அதுவும் மருத்துவம்தான்.

மருந்து விற்கிறவர் விஷயத்தில் மட்டும்...

இங்கே என் குரல் மாறும். ஏனென்றால் இது என் தொழில்.

ரோட்டோரத்தில் கூடாரம் போட்டு, பாட்டிலில் வேர்களை அடுக்கி, மைக் வைத்து ‘சர்க்கரை வியாதி மூணே நாளில் போயிடும்’ என்று லேகியம் விற்கிறார்களே, அவர்களுக்கு எந்தச் சலுகையும் கூடாது. பஜ்ஜி கெட்டிருந்தால் ஒருநாள் வயிற்றுப்போக்கு. மருந்து கெட்டிருந்தால் சிறுநீரகம் போய்விடும். மூட்டுவலிப் பொடியில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலக்கிறவர்கள் உண்டு. வலி உடனே பறந்துவிடும், ‘சித்த மருந்து அற்புதம்’ என்பீர்கள். கொஞ்ச மாதத்தில் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். முறையாகச் சுத்தி செய்யாத பாஷாணங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1940-ஆம் வருஷ மருந்துச் சட்டத்தின்படி சித்த மருந்து தயாரித்து விற்க லைசென்ஸ் வேண்டும். லேபிளில் லைசென்ஸ் எண், தயாரித்த தேதி, சேர்மானம் எல்லாம் இருக்க வேண்டும். சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருஷச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதனால் லேபிள் இல்லாத மருந்தை வாங்காதீர்கள். ரோட்டில் மட்டுமல்ல, ஏ.சி. ரூமில் உட்கார்ந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்!

ஆனால், கூடையில் தூதுவளை, முடக்கத்தான், பிரண்டை கொண்டுவருகிற பெண்ணை இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அவர் மருந்து விற்கவில்லை, கீரை விற்கிறார். காட்டையும் செடியையும் நன்றாக அறிந்தவர்கள் இந்தப் பகுதி இருளர்கள். அவர்களின் அறிவுக்கு ஒரு இடமும் முறையும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986-லிருந்து மூலிகை வளர்ப்பிலும் மூலிகை மருந்திலும் இயங்கிவருகிறது. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதற்கும் முந்தியது. பாம்புத் தோல் வியாபாரத்தை வனவிலங்குச் சட்டம் நிறுத்தியபோது அந்தக் குடும்பங்கள் தெருவில் நின்றன. தடையோடு விட்டிருந்தால் அவ்வளவுதான். அதே திறமைக்கு லைசென்ஸ் கொடுத்து, விஷம் எடுக்க ஒரு இடமும் கொடுத்தார்கள். இன்றைக்குப் பாம்பு கடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற விஷமுறிவு மருந்துக்கு அவர்கள் எடுத்துத் தரும் விஷம் போகிறது. ஒழுங்குபடுத்துவது என்றால் இதுதான்!

நீங்கள் செய்ய வேண்டியது

• சூடாக, கண் முன்னால் வேகிறதை வாங்குங்கள். வெட்டி வைத்த பழம் வேண்டாம், முழுசாக வாங்கி வெட்டச் சொல்லுங்கள்.

• எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் நகர்ந்துவிடுங்கள்.

• அச்சடித்த பேப்பரில் பலகாரம் வாங்காதீர்கள். செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டுவது 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி தடை. வாழையிலை, மந்தாரை இலை கேளுங்கள்.

• கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் வாங்காமல் வீட்டிலிருந்து தூக்கு எடுத்துப் போங்கள்.

• கை கழுவத் தண்ணீர் வைத்திருக்கிற கடையைத் தேடி வாங்குங்கள். ஏன் வாங்குகிறீர்கள் என்பதை அவரிடமே சொல்லுங்கள். பக்கத்துக் கடைக்காரரும் வைப்பார்.

• உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பவர் அதிகமானால் பதிவு செய்கிறவரும் அதிகமாவார்.

உள்ளாட்சி செய்ய வேண்டியதும் பெரிய காரியமில்லை. முதலில் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுங்கள். இடத்தைக் கோடு போட்டுப் பிரியுங்கள். பத்துக் கடைக்கு ஒரு குழாய், கழிவுநீருக்கு ஒரு வாய்க்கால், பெண்களுக்குப் பூட்டு உள்ள ஒரு கழிப்பறை அமைத்துத் தாருங்கள். அதற்கப்புறமும் அசுத்தமாக விற்கிறவரை அபராதம் போட்டு, திருந்தாவிட்டால் சான்றிதழை ரத்து செய்யுங்கள். அப்போது உங்கள் பக்கம் முதல் ஆளாக நான் நிற்பேன்.

உங்கள் தெருமுனைக் கடையைப் பற்றி நகராட்சிக்கு மனு எழுத உட்கார்ந்தீர்கள் என்றால், ‘இதை எடுத்துவிடுங்கள்’ என்று எழுதுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். ‘இங்கே ஒரு குழாய் போடுங்கள்’ என்று எழுதிப் பாருங்கள். உங்கள் வீட்டுக் குழந்தையின் வயிற்றுக்கு அந்த மனுதான் நல்லது.